மாடித் தொட்டி வழவழப்புக்கு ஓம எண்ணெய் போதுமா?

ஓமத்திரவம்: காட்பாடியில் எங்கள் வீட்டு மாடித் தொட்டியின் உள்சுவரைத் தடவினால் விளக்கெண்ணெய் பூசியது போல வழுக்குகிறது. பாக்டீரியாக்கள் பசை சுரந்து ஒட்டி வளரும் உயிரிப்படலம் இது. தெருவில் தினமும் தண்ணீர் வராது. வரும் நாளில் ஏற்றி வைத்துத்தான் ஓட்டுகிறோம். பிளீச்சிங் பவுடர் நெடி வீட்டில் ஒருவருக்கும் ஆகவில்லை. ஓம எண்ணெயிலுள்ள தைமாலும் கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினாலும் பாக்டீரியாவின் செல் சவ்வையே சிதைக்கின்றன. தொட்டியில் சில சொட்டு விட்டால் என்ன?

பாலாற்று மணல்: சிதைக்கின்றன, மறுக்கவில்லை. எத்தனை சொட்டில்? கல்லூரி ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்தவன் நான். 96 சின்னக் குழிகள் உள்ள ஆய்வகத் தட்டில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவை வளர்ப்போம். ஒரு குழிக்கு 200 மைக்ரோலிட்டர்தான். அங்கே 0.1 சதவீத எண்ணெய் என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. உங்கள் 1,000 லிட்டர் தொட்டிக்கு அதுவே 1 லிட்டர் எண்ணெய்! கரையவும் கரையாது. ஓம எண்ணெய் மேலே மிதக்கும், கிராம்பு எண்ணெய் அடியில் தங்கும், வழவழப்பு நடுச்சுவரில் சுகமாக இருக்கும்.

ஓமத்திரவம்: பல்லில் படியும் பிசுபிசுப்பும் இதே உயிரிப்படலம்தானே? தைமால் கலந்த வாய்க்கொப்பளிப்பு நீர் கடையில் விற்கவில்லையா?

சத்துவாச்சாரி அத்தை: தம்பி, பல்லைத் தேய்த்த பிறகுதானே கொப்பளிக்கிறோம்? அதையும் துப்பிவிடுகிறோம். நீங்கள் குடிக்கப் பார்க்கிறீர்கள்.

ஓமத்திரவம்: குளோரின் மட்டும் படலத்துக்குள் புகுந்துவிடுகிறதா, அத்தை?

பாலாற்று மணல்: நியாயமான குறை. படலத்தின் பசையோடு வினைபுரிந்து மேலடுக்கிலேயே பெரும்பகுதி செலவாகிவிடும். அதனால்தான் முதலில் தண்ணீரை வடித்துவிட்டுப் பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்கிறேன். மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் மிச்சமிருந்தாலும், வேலூர் வெயிலில் கொதிக்கும் தொட்டியில் சீக்கிரம் குறைந்துவிடும். ஆனால் அதை அளக்க முடியும்: லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. ஓம எண்ணெய் மிச்சமிருக்கிறதா என்று வீட்டில் எதை வைத்துப் பார்ப்பீர்கள், மூக்கை வைத்தா?

ஓமத்திரவம்: சரி, தொட்டியை விடுங்கள். 20 லிட்டர் கேன் வைக்கும் டிஸ்பென்சரின் குழாய் முனையில் பிரஷ் நுழையாது. கழற்றி எண்ணெய்க் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால்?

பாலாற்று மணல்: அங்கே உங்கள் பக்கம் வருகிறேன். சின்னப் பரப்பு, ஊற நேரமும் உண்டு. ரப்பர் வாஷரை மட்டும் எடுத்துவிடுங்கள், எண்ணெயில் உப்பிக் கெட்டுப்போகும்.

சத்துவாச்சாரி அத்தை: தொட்டியை எப்போது தேய்க்கப் போகிறீர்கள்?

ஓமத்திரவம்: தண்ணீர் வரும் நாளுக்கு முதல் நாள். இன்று வடித்தால் நாளை குளிக்கத் தண்ணீர் இல்லை.