மூன்றாம் தவணைக்கு முன்னர், பக்கக் கதவுகளைத் திறவுங்கள்

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்த் தியேட்டர் திருத்த வேலைக்கு மூன்றாம் தவணைப் பணம் கேட்டுப் பொருளாளர் அண்ணர் எழுதிய மடல் வந்தபோது நான் ஊரில்தான் நின்றேன். மறுநாள் காலை மருமகனையும் கூட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் நேரில் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. மீள்குடியேறிய காலத்தில் கூரையில்லாத நான்கு சுவர்களும் உள்ளே ஈச்சம் பற்றையுமாகக் கிடந்த இடத்தில் இன்று கூரை ஏறியிருக்கிறது. கலரியின் பழைய சரிவைக்கூட மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். ஒட்டுசுட்டானிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் உழவு இயந்திரப் பெட்டிகளில் சனம் வந்திறங்கிய முற்றத்தில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வாசலிலுள்ள பளிங்குக் கல்லில் என் பெயரையும் கண்டேன், பெருமையாகவே இருந்தது.

மேலே இயந்திர அறைக்கு ஏறினேன். 1990 இல் மின்சாரம் நிற்கும்வரை ஐயா வேலை செய்த அறை அது. இரண்டாயிரம் அடிப் படச்சுருள் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். சுருள் முடியப்போவதைக் காட்டும் புள்ளி திரையின் வலது மேல் மூலையில் தெரிந்ததும் அடுத்த இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். படத்துக்கு வெளிச்சம் தந்து எரிந்து குறையும் கரிக்குச்சிகளை அவர் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருப்பார். அந்தச் சூட்டில் சுருள் ஒரு கணம் சிக்கினாலும் பொசுங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் கீழே இறங்கி, வெளிப்புறமாகத் திறக்கும் ஆறு பக்கக் கதவுகளின் கொண்டிகளையும் தன் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு வருவார்.

அந்த ஆறில் இன்று திறப்பது ஒன்றே ஒன்று. தெற்குப் பக்கத்து மூன்றையும் சீமெந்துக் கல்லால் அடைத்து, வெளிச்சுவரோடு மூன்று கடையறைகள் கட்டியிருக்கிறார்கள். வடக்கே இரண்டுக்கு முன்னால் கதிரைகள் நிலத்தோடு பூட்டப்பட்டிருக்கின்றன. கேட்டபோது, கடை வாடகையால் தியேட்டர் தன் காலில் நிற்கும் என்றார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் ஒரே வழியில் சனம் நெரிபட்டால் என்னவாகும் என்பதை 2009 இல் கண்ணால் கண்டவர்களின் பிள்ளைகளை அந்த மண்டபத்தில் இருத்தி, ஒற்றைக் கதவை நம்பிப் படம் காட்ட நாம் பணம் கொடுக்கக் கூடாது.

கணக்கிலும் எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. கடையறைகளுக்கான கம்பியும் சீமெந்தும் எந்தத் தவணையில் எழுதப்பட்டன? வாடகை யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது? நாங்கள் பார்த்த இரண்டு அறிக்கைகளிலும் கடை என்ற சொல்லே இல்லை. இதைக் கேட்டதும் சுவிஸ் மச்சான் எல்லைக் காணிக் கதையை மீண்டும் எடுப்பார் என்று எனக்குத் தெரியும். அது 2003 இல் பெரியவர் முன்னிலையில் பேசித் தீர்ந்தது, இந்தக் கதவுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

என் பங்குப் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டேன். நடுக் கடையறையையாவது இடித்துத் தெற்கே ஒரு வழி விடட்டும், வடக்கே மறிக்கும் கதிரைகளைக் கழற்றட்டும். திறந்த கதவுகளின் படமும் கடைக் கணக்கும் இந்தக் குழுவுக்கு வந்து சேர்ந்த அன்றே அனுப்பிவிடுவேன்.