பித்தளை வேகன் கிட் எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, ஓ கேஜ் அளவில் சிறிய மாதிரி ரயில்பாதை ஒன்றை வீட்டுப் பொழுதுபோக்காக அமைத்து வருகிறேன். 1:43.5 அளவு, தண்டவாள இடைவெளி 32 மி.மீ. எஞ்சின் தயார், பின்னால் இழுத்துச் செல்லத்தான் எதுவும் இல்லை! நான்கு சக்கர மூடிய சரக்கு வேகன்கள் குறைந்தது ஆறு வேண்டும். பிளாஸ்டிக்கில் கிடைக்கும், தெரியும். ஆனால் அமில அரிப்பு முறையில் வெட்டிய பித்தளைத் தகட்டை மடித்து, சால்டர் வைத்துச் சேர்க்கும் சுகம் அதில் இல்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கிட்களை, அதாவது நாமே சேர்த்து வேகனாக்கும் உதிரித் தொகுப்புகளை, தயாரிப்பவர்கள் பெரும்பாலும் ஓரிருவர் நடத்தும் சிறு பட்டறைக்காரர்கள். அவர்கள் ஓய்வு பெற்றால் கிட்டும் நின்றுவிடுகிறது. பழைய கிட் ஒன்றை வாங்கி ஏமாந்தும் விட்டேன். தகடு அப்படியே இருந்தது. பஃபர்களையும் (வேகன் முனைகளில் மோதலைத் தாங்கும் பாகங்கள்) அச்சுப்பெட்டி வார்ப்புகளையும் (சக்கர அச்சின் முனைகளைத் தாங்கும் உலோக வார்ப்புகள்) காணோம். செய்முறைத் தாளில் பாதி இல்லை.

இப்போதும் ஆர்டர் எடுக்கும் தயாரிப்பாளர்களை யாருக்காவது தெரியுமா? சக்கரங்கள் கிட்டோடு வருமா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். வார்ப்புகள் மட்டும் தனியே கிடைத்தாலும் போதும், பழைய கிட்டை மீட்டுவிடுவேன்.

இன்னொரு யோசனை. வரைபடத்தை நானே கணினியில் வரைந்து, தகட்டை வெட்டித் தரும் நிறுவனத்திடம் கொடுக்கலாம். மடிப்புக் கோடுகளைப் பாதி ஆழத்துக்கு மட்டும் அரிக்க வேண்டும்; அதற்கேற்ப வரைவதில்தான் தடுமாறுகிறேன். 0.4 மி.மீ. தகடு போதுமா? பெரிய தகடாக வெட்டினால் ஒரு வேகனுக்கான செலவு குறையும், ஆகவே பங்கு சேர விரும்புகிறவர்களும் எழுதுங்கள். முப்பரிமாண அச்சு யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.