தவில் ஒலி உடைகிறது, மிக்ஸர் பதிவு போனில் கேட்பதில்லை: எந்தக் கையடக்க ரெக்கார்டர் வாங்கலாம்?

கேள்வி (மன்னார்குடி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் மாலையில் நாதஸ்வரக் கச்சேரியும், இரவில் மண்டபத்தில் வாய்ப்பாட்டுக் கச்சேரியும் நடைபெறும். கமிட்டியிடமும் கலைஞர்களிடமும் முன்கூட்டியே அனுமதி பெற்று அவற்றைப் பதிவு செய்து, கலைஞர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 24 பிட் கையடக்க ரெக்கார்டர். உள்ளமைந்த இரண்டு மைக்குகளும், வெளி மைக்குக்கான ஒரு 3.5 மி.மீ. துளையும்தான் அதில் உண்டு.

இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. முதலாவது, தவில் தனி வாசிக்கும்போது ஒலி உடைந்து கரகரக்கிறது; ஆனால் லெவல் மீட்டர் ஒருமுறைகூடச் சிவப்பைத் தொடவில்லை. இரண்டாவது, மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்திருப்பவரின் மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்துப் பதிவு செய்தால், ஹெட்போனில் பாட்டு ஏதோ தலைக்குப் பின்னாலிருந்து வருவது போல் கேட்கிறது. அதே கோப்பை ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் போட்டால் பாடகரும் வயலினும் அநேகமாகக் காணாமல் போய்விடுகிறார்கள்.

32 பிட் ஃப்ளோட் (பதிவில் லெவல் மீறிப் போனாலும் பின்னர் குறைத்துச் சரிசெய்ய இடம் தரும் முறை) கருவி வாங்கினால் இவை இரண்டும் தீரும் என்கிறார்கள். ஜூம் எச்1எசென்ஷியல், ஜூம் எச்4எசென்ஷியல், டாஸ்காம் டிஆர்-07எக்ஸ், டாஸ்காம் டிஆர்-40எக்ஸ் ஆகிய நான்கையும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (திருச்சி, ஒலி அமைப்புத் தொழில்)

வணக்கம் ஐயா. வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உங்கள் பழைய பதிவையே ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, தவில் உடையும் இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சி கத்தியால் சீவியது போல் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை 0 டெசிபல் கோட்டில் இருந்தால், எண்ணாக மாற்றும் பகுதி நிரம்பிவிட்டது என்று பொருள். அதற்குக் கீழே, −6 அல்லது −8 இல் தட்டையாக இருந்தால், ஒலி அதற்கு முன்பே, மைக்கிலோ, மைக்கை அடுத்து அதன் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பிலோ உடைந்துவிட்டது. பிறகு லெவலைக் குறைத்துப் பயனில்லை, உடைந்த ஒலிதான் சிறிதாகப் பதிவாகும். மீட்டர் சிவப்பைத் தொடவில்லை என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் மைக் உணர்திறனுக்கென்று பக்கவாட்டிலோ மெனுவிலோ ஹை, லோ என ஒரு தேர்வு இருக்கும். லெவல் பொத்தானோடு அதற்குச் சம்பந்தமில்லை. அது ஹையில் இருந்தால் லோவுக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். ஆட்டோ லெவலையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தவிலின் ஒவ்வோர் அடிக்கும் நாதஸ்வரம் அமுங்கி, அடி நின்றதும் சுருதிப்பெட்டி மட்டும் பொங்கி எழும்.

மிக்ஸர் விஷயம் முற்றிலும் வேறு, அதற்கும் பிட்டுக்கும் தொடர்பே இல்லை. மிக்ஸரின் அவுட் பெரும்பாலும் பேலன்ஸ்டு: ஒரே ஒலி ஒரு கம்பியில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் வரும். அதை மூன்று தொடர்புப் பின் (டிஆர்எஸ்) கொண்ட சாதாரண ஒயரால் 3.5 மி.மீ. ஸ்டீரியோ துளையில் செருகினால், நேரானது இடது சேனலாகவும் தலைகீழானது வலது சேனலாகவும் பதிவாகிவிடும். ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டும்போது ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, பாட்டு மறைகிறது. ஆடாசிட்டியில் இடது மேடாக இருக்கும் இடத்தில் வலது பள்ளமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல வேளையாக அந்தப் பதிவுகள் வீணாகவில்லை. வலது சேனலை நீக்கிவிட்டு இடதை மட்டும் மோனோவாக வைத்துக்கொண்டால் முழுப் பாட்டும் கிடைத்துவிடும்.

இன்னொன்று, மிக்ஸரிலிருந்து வருவது லைன் அளவு. மைக் துளை அதைவிடப் பல மடங்கு சிறிய மின்னழுத்தத்தை எதிர்பார்த்து இருப்பது. லைன் என்று மாற்ற வழியில்லாத கருவியானால் இடையில் அட்டெனுவேட்டர் ஒயர் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒயர்) இல்லாமல் இணைக்கக் கூடாது. ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் சேர்ந்து வரும். மிக்ஸருக்கும் ரெக்கார்டருக்கும் இடையில் வைக்கும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (இணைப்புப் பெட்டி) ஒன்று அதை அநேகமாக நிறுத்திவிடும்.

மறுமொழி (சென்னை)

முன்னவர் சொன்னதோடு கருவி ஒப்பீட்டையும் சேர்த்துக்கொள்கிறேன். 32 பிட் ஃப்ளோட்டைச் சர்வரோக நிவாரணியாக விற்கிறார்கள். அது காப்பாற்றுவது எண்ணாக மாற்றும் இடத்தையும் அதற்குப் பின்னால் உள்ளவற்றையும் மட்டுமே. எச்1எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்தாலும் அதன் மைக்குகள் தாங்குவது 120 டெசிபல் ஒலியழுத்தம் வரைதான். தவிலுக்கு ஓர் அடி தூரத்தில் அதை வைத்தால் மைக்கே திணறும். மென்பொருளில் எவ்வளவு இறக்கினாலும் உடைந்தது சேராது. எச்4எசென்ஷியலின் மைக்குகள் 130 டெசிபல் வரை தாங்கும் என்பதால், உங்கள் பயன்பாட்டுக்கு அந்த 10 டெசிபல் வித்தியாசம் பிட் எண்ணிக்கையைவிடப் பெரிது.

டிஆர்-07எக்ஸில் மைக்குகளை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திருப்பி வைக்கலாம் என்பது நல்ல வசதி. ஆனால் எக்ஸ்எல்ஆர் (பேலன்ஸ்டு ஒலியை அப்படியே வாங்கும் மூன்று ஊசித் துளை) உள்ளீடு இல்லாததால் உங்கள் மிக்ஸர் தொல்லை அப்படியே தொடரும். எச்1எசென்ஷியலுக்கும் அதே குறை. ஆகவே போட்டி டிஆர்-40எக்ஸுக்கும் எச்4எசென்ஷியலுக்கும் இடையில்தான். இரண்டிலும் எக்ஸ்எல்ஆர் துளைகள் உண்டு, இரண்டும் நான்கு டிராக் பதிவு செய்யும். அதாவது உள்மைக்குகளில் மண்டபத்தின் ஒலியும், எக்ஸ்எல்ஆரில் மிக்ஸரின் ஒலியும் ஒரே கடிகாரத்தில் பதிவாகும். இதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். இரண்டு தனித்தனிக் கருவிகளில் பதிவு செய்து பின்னர் சேர்த்தவர்களுக்குத் தெரியும். வர்ணத்தில் பொருந்தியிருந்தது தனி ஆவர்த்தனத்துக்கு வரும்போது விலகி, மிருதங்கம் இரட்டையாகக் கேட்கும்.

ஒரே கருவியானாலும் தூரத்தால் வரும் தாமதம் இருக்கும். ஒலிபெருக்கியிலிருந்து 10 மீட்டரில் கருவி இருந்தால் மண்டப ஒலி ஏறத்தாழ 29 மில்லிநொடி பிந்தி வரும். மிக்ஸர் டிராக்கை அந்த அளவு பிந்தித் தொடங்கும்படி நகர்த்தினால் போதும். கடைசி வரை மாறாது.

டிஆர்-40எக்ஸ் 24 பிட்தான். ஆனால் முதன்மைப் பதிவோடு லெவல் குறைந்த இன்னொரு பிரதியையும் சேர்த்து எடுக்கும் வசதி அதில் உண்டு. மேடை ஓரத்தில் கருவியின் பக்கத்திலேயே உட்கார்ந்து லெவல் பார்த்துக்கொள்ள முடிந்தவருக்கு அது தாராளம். ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுப் பந்தி பரிமாறப் போக வேண்டிய கமிட்டிக்காரருக்கு, லெவல் வைக்கும் வேலையே இல்லாத எச்4எசென்ஷியல். ஜூம் எஃப்3 பற்றியும் யாராவது சொல்வார்கள். அருமையான கருவி, ஆனால் உள்மைக் கிடையாது, உள்ளீடும் இரண்டுதான். நல்ல மைக் ஜோடி கையில் இருந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய பதிவில் அலை −7 இல் தட்டையாக நிற்கிறது. மிக்ஸர் பதிவில் இடமும் வலமும் தலைகீழாகத்தான் இருக்கின்றன. உணர்திறனை லோவுக்கு மாற்றி ஒரு திருமண மங்கள இசையில் சோதித்தேன். பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது, ஆனால் தவில்காரர் குச்சியை ஓங்கி அடிக்கும் இடங்களில் மட்டும் லேசான கரகரப்பு எஞ்சியிருக்கிறது. கருவி அவரிடமிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தது. எச்4எசென்ஷியலையே வாங்க எண்ணுகிறேன். மூன்று மணி நேரக் கச்சேரிக்குக் கார்டும் பேட்டரியும் எப்படி வைத்துக்கொள்வது?

மறுமொழி (திருச்சி, ஒலி அமைப்புத் தொழில்)

அந்த எஞ்சிய கரகரப்பு மைக்கின் எல்லை. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பதால், ஒரு மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்குப் போனால் 12 டெசிபல் கிடைக்கும். நாதஸ்வரத்தின் அணசுக்கு (விரிந்த முனைக்கு) நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், தலைக்கு மேல் உயரும் ஸ்டாண்டில், நாதஸ்வரக்காரர்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி வையுங்கள். தவில் தானாகவே கேட்கும், அதற்கென்று யாரும் மைக் வைக்க வேண்டியதில்லை. புதுக் கருவிக்கும் இந்த இடமே பொருந்தும். வெளியில் வைத்தால் உரோமக் காற்றுத்தடுப்பு உறை வேண்டும். கூடவே வரும் ஸ்பான்ஜ் ஆடிக் காற்றுக்குத் தாங்காது.

48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட்டில் இரண்டு டிராக்குக்கு மணிக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி ஆகும். நான்கு டிராக் என்றால் அதன் இரு மடங்கு, மூன்று மணி நேரத்துக்கு 8 ஜிபிக்கும் மேல். 32 ஜிபி கார்டு போதும், கருவியிலேயே ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். பேட்டரியை நம்பாமல் யுஎஸ்பி-சி வழியாகப் பவர் பேங்கில் ஓட்டி, உள்ளே இரண்டு ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைத் துணைக்கு வையுங்கள். மெனுவில் செல் வகையை மாற்றாவிட்டால் மீதமுள்ள சார்ஜைத் தவறாகக் காட்டும். மங்களம் முடிந்ததும் ஸ்டாப் அழுத்தி, கோப்பு எழுதி முடியும் வரை பவர் பேங்க் ஒயரைப் பிடுங்காதீர்கள்.