கோரிடோரஸ் மீன்களுக்குத் தீனி போய்ச் சேரவே மாட்டேன் என்கிறது

வணக்கம். மூன்றடித் தொட்டியில் 6 கோரிடோரஸ் (அடியில் மேயும் சிறு கெளுத்தி மீன், சுருக்கமாகக் கோரி), 12 நியான் டெட்ரா, கொஞ்சம் மோலி வைத்திருக்கிறேன். கோரிகள் அடியில் விழும் மிச்சத்தைத் தின்றே வாழ்ந்துவிடும் என்றார் கடைக்காரர். அதை நம்பியது என் தப்பு. இப்போது வயிறு ஒட்டிப்போய்த் திரிகின்றன.

மூழ்கும் வேஃபர் (வில்லைத் தீனி) வாங்கிப் போட்டேன். தரையைத் தொடுவதற்குள் மோலிகள் மொய்த்துவிடுகின்றன (இவை மீனா, ஆடா?). சரி என்று விளக்கை அணைத்து அரைமணி நேரம் கழித்து வேஃபரைப் போட்டால், காலையில் பாதி ஊறிக் கிடக்கிறது. அது அழுகித் தண்ணீரில் அமோனியா ஏறிவிடுமோ என்று பயம்.

ஒரு முனையில் மோலிகளுக்கு மிதக்கும் தீனி போட்டுவிட்டு, மறுமுனையில் குழாய் வழியாக உறைந்த ரத்தப்புழுவை இறக்கலாமா? 6 கோரிகளுக்கு ஒரு வேளைக்கு எத்தனை வேஃபர் போடுகிறீர்கள்? அடியில் மணல்தான், மீசைகள் நன்றாகவே இருக்கின்றன.