1/1000-க்கு மேல் போனால் படத்தின் மேல்புறம் இருட்டாகிறது: ஷட்டரா, லென்ஸா?

வெயில்நிழல்:

வணக்கம். ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா), கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எடுத்த படங்கள்) 1,12,000 தாண்டிவிட்டது. தொல்லை இரண்டு.

ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியும் அதற்கு மேலும் வைத்தால் படத்தின் மேல்புறம் கறுத்து வருகிறது. 1/4000-ல் ரொம்ப மோசம். கேமராவைச் சும்மா வைத்திருந்து எடுத்தால் முதல் நாலைந்து படங்களில் அதிகம். தொடர்ந்து எடுத்துக்கொண்டே போனால் கொஞ்சம் குறைகிறது.

இன்னொன்று, எஃப் 8, எஃப் 11 (லென்ஸ் துளையின், அதாவது அப்பர்ச்சரின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) வைக்கும்போது பத்துக்கு ஒரு படம் திடீரென வெளுத்துப்போகிறது. குறைந்தது 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) இருக்கும். அடுத்த பிரேம் சரியாக வந்துவிடும். மேனுவல் மோட், ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றுவது) ஆஃப், பிராக்கெட்டிங் (வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுப்பது) ஆஃப். செட்டிங்ஸ் முழுவதும் ரீசெட் செய்தும் பார்த்தாயிற்று. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் பழுது எதில் என்று நாமே உறுதி செய்ய வழி உண்டா?

முக்காலி:

முதலில் எந்த வெளிச்சத்தில் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். குழல்விளக்கு, மலிவான எல்இடி என்றால் கேமராவைக் குறை சொல்வதற்கில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும், 60 ஹெர்ட்ஸில் 120 தடவை. 1/100-ஐ விட வேகமாக எடுத்தால் ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் இருட்டு, நடுவே மஞ்சளோ பச்சையோ பட்டை என்று வரும். பட்டை ஒவ்வொரு படத்திலும் இடம் மாறினால் விளக்குதான் காரணம். ஒரே இடத்தில் நின்றால்தான் ஷட்டர் பக்கம் போக வேண்டும்.

வெயில்நிழல்:

எல்லாம் பகல் வெளிச்சத்தில் எடுத்தவை. கறுப்பு எப்போதும் மேல்புறம்தான்.

திருப்புளி:

அப்படியானால் இவை இரண்டு தனித்தனிப் பழுதுகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் தேவையில்லாத பாகத்தை மாற்றி முடிப்பீர்கள்.

ஷட்டர் எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்ப்போம். சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை இறங்கித் திறக்கும், இரண்டாம் திரை பின்னாலேயே வந்து மூடும். ஃப்ளாஷ் சிங்க் வேகம் (ஃப்ளாஷ் போட்டு எடுக்கக்கூடிய அதிகபட்ச வேகம்) வரைக்கும், அதாவது 1/200 சுமாருக்கு, ஒரு கணமாவது சென்சார் முழுவதும் திறந்திருக்கும். அதற்கு மேல் இரண்டுக்கும் இடையே உள்ள கீற்றுதான் சென்சார் மீது நகரும். உங்கள் சென்சாரின் உயரம் கிட்டத்தட்ட 15.6 மிமீ. 1/4000-ல் கீற்றின் அகலம் 1 மிமீ அளவுக்குத்தான் இருக்கும். முதல் திரை இம்மி தயங்கினாலும் கீற்று இன்னும் சுருங்கிவிடும். மெதுவான வேகங்களில் அதே தயக்கம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் திரை மேலிருந்து கீழே ஓடும். சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுவதால் படத்தின் அடிப்பகுதி முதலில் பதியும், மேல்பகுதி கடைசியில். மேல்புறம் கறுக்கிறது என்றால் முதல் திரை ஓட்டத்தின் முடிவில் தளர்கிறது என்று பொருள். சிங்க் வேகத்தைத் தாண்டி ஃப்ளாஷ் போட்டால் வரும் பட்டை இதற்கு நேர்மாறு, அது படத்தின் அடியில் விழும்.

சோதனை 1, ஷட்டருக்கு. மேகமூட்டமான வானம், அல்லது வெளிச்சம் சீராக விழும் வெள்ளைச் சுவர். ஃபோகஸை மேனுவலில் வைத்து வேண்டுமென்றே மங்கலாக்குங்கள். அப்பர்ச்சரை முழுத் திறப்பிலேயே விட்டுவிடுங்கள், தொடவே கூடாது. வேகத்தோடு ஐஎஸ்ஓவையும் சேர்த்து ஏற்றுங்கள்: 1/60-க்கு 100, 1/125-க்கு 200, 1/250-க்கு 400, இப்படியே 1/4000-க்கு 6400. எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். ஒவ்வொரு வேகத்துக்கும் முன் பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு, முதல் பிரேமைக் கணக்கில் எடுங்கள். அதன் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டிலும் 0-255 வெளிச்ச அளவைக் (0 கறுப்பு, 255 வெள்ளை) குறியுங்கள். 1/4000-ல் கேமராவைத் தலைகீழாகத் திருப்பியும் ஒன்று எடுங்கள். அதிலும் கறுப்பு படத்தின் மேலேயே இருந்தால் சுவரின் மீது சந்தேகம் வேண்டாம்.

சோதனை 2, அப்பர்ச்சருக்கு. வேகம் 1/125-ல் நிற்கட்டும். எஃப் 5.6-க்கு ஐஎஸ்ஓ 200, எஃப் 8-க்கு 400, எஃப் 11-க்கு 800, எஃப் 16-க்கு 1600. ஒவ்வொன்றிலும் 20 பிரேம்.

சோதனை 3: மிரர் லாக்-அப் (கண்ணாடியை முன்கூட்டியே மேலே தூக்கி நிறுத்துவது) வைத்து 1/4000-ல் ஒன்று. கண்ணாடி மேலே போகத் தாமதித்தாலும் நிழல் விழும். ஆனால் அது விளிம்பு கலைந்த நிழலாக, பெரும்பாலும் படத்தின் அடியில் விழும்.

கரும்பெட்டி:

வெளுத்துப்போகும் படங்களுக்கு லென்ஸ் மவுண்டில் உள்ள தங்கநிறப் புள்ளிகளை ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். அழுக்கு இருந்தால் அப்பர்ச்சர் கட்டளை சரியாகப் போகாது. வேறு லென்ஸ் கிடைத்தால் அதையும் மாட்டிப் பார்க்க வேண்டும்.

திருப்புளி:

கரும்பெட்டி சொன்ன காரணம் சரி, ரப்பர் மட்டும் வேண்டாம். அதன் துகள் மிரர் பெட்டிக்குள் விழும், சிலவகை ரப்பர் தங்கப்பூச்சையே உரித்துவிடும். 99% ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பிசிறில்லாத துணி, ஒரு சொட்டு போதும். துணியில் நனைக்க வேண்டும், கேமராவில் ஊற்றக் கூடாது. ஷட்டர் திரை மீது விரலோ, காற்று டப்பாவோ படவே கூடாது. அந்தத் தகடுகள் ஒரு அழுத்தமான ஊதலில் தடம் விட்டு விலகிவிடும்.

வெயில்நிழல்:

சோதனை முடிந்தது. படத்தின் கீழ்விளிம்பு எல்லா வேகத்திலும் 118. மேல்விளிம்பு 1/125 வரை கிட்டத்தட்ட அதே. 1/500-ல் 114, 1/1000-ல் 110, 1/2000-ல் 100, 1/4000-ல் 78. கேமராவைத் திருப்பினாலும் கறுப்பு மேலேதான். மிரர் லாக்-அப்பில் மாற்றமில்லை.

சோதனை 2-ல் எஃப் 5.6-ல் 20 பிரேமும் சரி. எஃப் 8-ல் 2, எஃப் 11-ல் 3, எஃப் 16-ல் 5 பிரேம் வெளுத்தன. புள்ளிகளைத் துடைத்த பிறகும் அப்படியே. ஒரு 50 மிமீ லென்ஸை மாட்டியபோது எஃப் 16-லும் 20 பிரேமும் சரியாக வந்தன, ஆனால் 1/4000-ல் மேல்புறக் கறுப்பு அதிலும் உண்டு.

திருப்புளி:

அருமையான அளவீடு, இதிலேயே விடை இருக்கிறது. அந்த 0-255 எண்கள் நேர்விகிதத்தில் இல்லை, ஏறத்தாழ 2.2 காமா வளைவில் (ஒளியின் 1/2.2 அடுக்காக) இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் மேல்விளிம்புக்குக் கிடைத்த ஒளி 1/1000-ல் 85%, 1/2000-ல் 70%, 1/4000-ல் 40%. இழப்பை நேரமாக மாற்றுங்கள்: 1 மில்லிநொடியில் 15%, 0.5-ல் 30%, 0.25-ல் 60%. மூன்றுமே 0.15 மில்லிநொடி. சென்சாரோ மீட்டரோ கெட்டால் இப்படி ஒரே எண் வராது. முதல் திரை கடைசித் தூரத்தில் 0.15 மில்லிநொடி பிந்துகிறது, அவ்வளவுதான். தொடர்ந்து எடுத்தால் குறைவது, தகடுகளில் எண்ணெய்ப் பிசுக்கோ தேய்மானத் தூளோ ஒட்டியிருப்பதைக் காட்டுகிறது. ஓட ஓட இளகுகிறது.

வெளுப்பு லென்ஸின் பழுது. முழுத் திறப்பை ஒட்டிய எஃப் 5.6-ல் வராமல், துளை சிறுக்கச் சிறுக்கக் கூடுவது, அப்பர்ச்சர் இதழ்கள் சில சமயம் மூடாமல் நின்றுவிடுவதற்கான அடையாளம். டெப்த் ஆஃப் ஃபீல்ட் பொத்தான் (படம் எடுக்காமலே துளையை மூடிக் காட்டுவது) இருந்தால் எஃப் 16 வைத்து அதை அழுத்தி முன்னாலிருந்து லென்ஸுக்குள் பாருங்கள். இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். தயங்கினால், அல்லது இதழில் எண்ணெய் மினுங்கினால் அதுவே காரணம். 18 முதல் 55 வரை ஜூமைத் திருப்பியும் பாருங்கள். குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வந்தால் உள்ளே இருக்கும் ஃப்ளெக்ஸ் கேபிள் (வளையும் மெல்லிய மின்பட்டை) விரிசல் விட்டிருக்கலாம்.

சர்வீஸில் "முதல் திரை பிந்துகிறது, ஷட்டர் யூனிட் பார்க்கவும்" என்று எழுதிக் கொடுங்கள். தகட்டைத் தனியாக மாற்றமாட்டார்கள், முழு யூனிட்டாகத்தான் மாற்றுவார்கள். மாற்றியதும் வேகங்களை அளந்து கேலிபரேட் செய்தார்களா என்று கேளுங்கள். நீங்களே பிரிக்க நினைத்தால் வேண்டாம்: பாப்-அப் ஃப்ளாஷ் உள்ள பாடியில் கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட் பிடித்து வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும்.

முக்காலி:

அதுவரை 1/500-ஐத் தாண்டாமல் சமாளிக்கலாம். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 என்றால் 1/3200 கேட்கும். என்டி8 ஃபில்டர் (ஒளியை எட்டில் ஒன்றாக்கும் கண்ணாடி) மாட்டினால் 1/400-க்கு இறங்கிவிடும். உங்கள் மாடலில் லைவ் வியூவுக்கு (பின்புற டிஸ்ப்ளேயில் பார்த்து எடுப்பது) எலக்ட்ரானிக் முதல் திரை (முதல் திரைக்குப் பதில் சென்சாரே பதிவைத் தொடங்குவது) இருந்தால் அதையும் போடுங்கள். கெட்டுப்போன திரை அங்கே வேலையே செய்யாது என்பதால் கறுப்பு மறைய வேண்டும், திருப்புளி சொன்னதற்கு அதுவே இன்னொரு சோதனையும் ஆகும்.

வெயில்நிழல்:

போட்டுப் பார்த்தேன். 50 மிமீ, எஃப் 8, 1/4000: மேலே 117, கீழே 118. பாடியை மட்டும் சர்வீஸுக்குக் கொடுக்கிறேன். கிட் லென்ஸில் 24 மிமீ சுற்றி மட்டும் வெளுக்கிறது, கேபிள்தான் போல.