பழைய சென்னை மிருகக்காட்சிசாலை: படம் வைத்திருப்பவர்கள் உண்டா?

வணக்கம். மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த பழைய மிருகக்காட்சிசாலையின் வரைபடம் ஒன்றைத் தயாரிக்க முயல்கிறேன். 1855இல் எழும்பூர் அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் அதன் வளாகத்தில் தொடங்கியது. பிறகு, பின்னாளில் மூர் மார்க்கெட் அமைந்த பீப்பிள்ஸ் பார்க் பூங்காவுக்குப் போனது. 1985இல் வண்டலூர்ப் பூங்கா திறந்தபின் இந்த இடத்தை எல்லோரும் மறந்தே போனோம்.

அப்பாவின் தோளில் உட்கார்ந்து சிங்கத்தைப் பார்த்ததும், மூக்கைத் துளைத்த அந்த நெடியும் நினைவிருக்கின்றன. பறவைக் கூண்டுகள் எந்தப் பக்கம் இருந்தன என்பதுதான் சுத்தமாக மறந்துவிட்டது! நுழைவாயில் அல்லிக்குளத்தை நோக்கியா இருந்தது?

பழைய குடும்பப் படங்களைத் தயவுசெய்து புரட்டிப் பாருங்கள். பின்னணியில் கூண்டின் ஒரு மூலை தெரிந்தாலே போதும். முன்னால் நிற்கும் மாமா, அத்தை முகங்களை மறைத்தே அனுப்பலாம். நுழைவுச்சீட்டு கிடைத்தால் இரட்டை மகிழ்ச்சி.