'ஆச்சி வீடு' குழுவில் ஒரு குக்கர் கேக்

சனிக்கிழமை, மாலை 4:10

நான்: அத்தை, நாளைக்குப் பாப்பாவுக்குப் பொறந்தநாள். கேக்கை வீட்டுலயே செய்யணும்னு ஆசை. ஓவன் இல்ல. ஆச்சியும் வர்றாங்க, முட்டை சேர்க்க முடியாது. என்ன செய்யட்டும்?

தம்பி: அக்கா, சின்ன ஓவன் ஆஃபர்ல கெடக்கு. லிங்க் அனுப்பவா?

அத்தை: ஒண்ணும் வாங்காதீங்க. பழைய அலுமினிய குக்கர் இருக்குல்லா? அது போதும். ரவா கேக் போடு. ரவை தயிர்ல நல்லா ஊறி மெத்துனு வரும், ஆச்சி பல்லுக்கும் இதமா இருக்கும்.

அத்தை: எழுதிக்கோ தங்கம். பொடி ரவை 1½ கப். வாசம் வர்ற வரைக்கும் லேசா வறுத்து ஆற வை, சிவக்கக் கூடாது. புளிக்காத கெட்டித் தயிர் 1 கப், பொடிச்ச சர்க்கரை ¾ கப், பால் ½ கப், உருக்குன நெய்யோ எண்ணெயோ ½ கப், ஏலக்காய் நாலு. பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா ¼ டீஸ்பூன்.

அத்தை: சோடாவும் பவுடரும் இப்போ போடாதே. மத்தது எல்லாத்தையும் கலந்து அரை மணி நேரம் மூடி வை.

நான்: ஏன் அத்தை, எல்லாத்தையும் ஒண்ணா கலக்கிட்டா?

அத்தை: தயிரோட புளிப்பு பட்ட உடனே சோடா நுரைக்க ஆரம்பிச்சிரும். அந்தக் காத்துதான் கேக்கைத் தூக்குது. ரவை ஊறுற அரை மணி நேரத்துல அதெல்லாம் போயிட்டா, அடுப்புல ஏத்தும்போது தூக்க ஒண்ணும் இருக்காது. அதனால குக்கர் சூடேறின பிறகு, கடைசியில சேர்த்து நாலு சுத்து சுத்தி உடனே ஊத்திரு.

சித்தி: மதினி, அரை மணியில மாவு கெட்டி ஆயிருமே?

அத்தை: ஆகும். ரவை பூரா குடிச்சிரும். இட்லி மாவுப் பதத்துக்குக் கொஞ்சம் பால் விட்டுத் தளர்த்துனா சரி.

அத்தை: இப்போ குக்கர். இதை நிதானமா படி. கேஸ்கெட்டைக் கழத்து. வெயிட்டை எடுத்துரு. உள்ள தண்ணி ஒரு சொட்டு கூட வேண்டாம். அடியில ஒரு விரக்கடை உயரம் கல்லுப்பு, அதுக்கு மேல ஸ்டாண்ட். மூடியை வச்சு மிதமான தீயில 10 நிமிஷம் காய விடு. அப்புறம் நெய் தடவி மைதா தூவுன பாத்திரத்தை, முக்கால் அளவுக்கு மேல நிரப்பாம, உள்ள இறக்கு. தீயை சிம்ல வச்சிரு. 45ல இருந்து 50 நிமிஷம் ஆகும்.

மாமா: கேஸ்கெட்டோட வச்சுராதீங்கம்மா. ரப்பர் கருகி வீடே நாறும்.

அத்தை: நான்-ஸ்டிக்ல வெறும் சூடு ஏத்தாதே. புதுக் குக்கரையும் இதுக்கு எடுக்காதே, தண்ணி இல்லாம காஞ்சா வீணாப் போயிரும். கனமான இரும்புச் சட்டி, மேல தட்டு போட்டு மூடுனாலும் கேக் வரும். அந்த உப்பைத் தனி டப்பால போட்டு வச்சுக்கோ, அடுத்த கேக்குக்கு ஆகும். குழம்புக்கு எடுத்துராதே.

சித்தி: சில பேர் வீட்டுல நடுவுல குழி விழுதே, அது எதனால?

அத்தை: பாதியில தொறந்து பார்த்தா விழும், சோடா கூடுனாலும் விழும். முதல் அரை மணி நேரம் மூடியைத் தொடக் கூடாது. அப்புறம் பல்குச்சியை நடுவுல குத்திப் பாரு, மாவு ஒட்டாம வந்தா வெந்துருச்சு. மேல சிவக்கலையேன்னு இன்னும் வேக விடாதே, காஞ்சு போயிரும். சூடு அடியில இருந்து மட்டும்தான வருது, மேல் பக்கம் வெளுப்பாதான் இருக்கும். கவுத்துப் போட்டா செவந்த பக்கம் மேல வந்துரும்.

தம்பி: அத்தை, இதே குக்கர்ல நம்ம தூத்துக்குடி மக்ரூன் போட முடியுமா?

அத்தை: வராதுப்பா. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, இவ்வளவுதான் அதுல. வேகுறதை விட அது காயணும், லேசான சூட்டுல ரொம்ப நேரம். மூடி போட்ட குக்கர்ல ஈரம் உள்ளேயே சுத்தி வந்து பிசுபிசுத்துரும். மழை நாள்ல வெளியில வச்சாலே நமுத்துப் போற சாமான். அதை நான் வரும்போது கடையில வாங்கிட்டு வாரேன்.

ஆச்சி: 🎤 0:22

நான்: சீனிக்குப் பதிலாக் கருப்பட்டி போட முடியுமான்னு ஆச்சி கேக்குறாங்க அத்தை.

அத்தை: நானே சொல்லணும்னு நெனச்சேன். உடன்குடிக் கருப்பட்டி இருந்தா அதை விட்டு சீனியைத் தொடாதே! ¾ கப் தட்டுன கருப்பட்டியை கால் கப் தண்ணியில கரைய விட்டு வடிகட்டு, மண் இருக்கும். நல்லா ஆறின பிறகுதான் தயிர்ல ஊத்தணும், சூடா ஊத்துனா திரிஞ்சிரும். தண்ணி கூடுதுல்லா, பாலைப் பாதியாக் குறைச்சிரு. ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் போடு. நெறம் கருப்பா வரும், கருகிருச்சோன்னு பதறாதே.

ஞாயிற்றுக்கிழமை, காலை 11:35

நான்: 📷 படம்

நான்: அத்தை, 48 நிமிஷம் ஆச்சு. குச்சி சுத்தமா வந்துச்சு. வாசம் கீழ் வீடு வரைக்கும் போகுது!

சித்தி: ஆஹா, நல்லா எழும்பியிருக்கு 😍

அத்தை: அழகா வந்துருக்குடா. பாத்திரத்தோட 10 நிமிஷம் ஆற விட்டு, ஓரத்துல கத்தி விட்டுக் கவுத்து. முழுசா ஆறுற வரைக்கும் வெட்டாதே, ரவை உதிரும். நாலு மணிக்கு வெட்டுனாப் போதும், நாங்க பஸ் ஏறியாச்சு.

மாமா: மக்ரூன் ஒரு கிலோ வாங்கியாச்சு. டப்பா காத்துப் புகாம கட்டியிருக்கு, வந்து சேர்ற வரைக்கும் பிரிக்க மாட்டோம்.